கேட்டலினாவும் கிணத்து நீச்சல்காரனும்

போன ஞாயித்துக்கிழமை ஒரு போட்டியில கலந்துக்கிட்டு கடைசிக்கு முந்தின ஆளா வந்தேன். இதை வெக்கமில்லாம பதிவா எழுதறதுக்கு ரெண்டு காரணம் இருக்கு. ஒண்ணு, எனக்கு அடுத்து கடைசியா வந்தவங்களைப் பத்தி எழுதணும். ரெண்டாவது, இந்தப் போட்டிக்காகப் பயிற்சி எடுத்த ஆறு மாசத்துல பயிற்சியை விட அதோட சரித்திரத்தைத்தான் அதிகமா படிச்சேன். (படிச்ச நேரத்துல ஒழுங்கா கை வீசிப் பழகியிருந்தா நாலு பேரையாவது முந்தியிருக்கலாம்னு வீட்டம்மா சொல்றாங்க. விடுங்க.)

என்ன போட்டின்னு முதல்ல சொல்லிடறேன். பன்னெண்டு அடி நீளத்துல ஒரு பலகை. அதுமேல குப்புறப் படுத்துக்கிட்டோ, மண்டி போட்டுக்கிட்டோ ரெண்டு கையாலயும் தண்ணியைத் தள்ளிக்கிட்டே கடல்ல போகணும். துடுப்பு கிடையாது, பாய்மரம் கிடையாது. கூட்டாளியும் கிடையாது. பலகைக்கு ஒரு ஆள், அவ்வளவுதான். நான் கலந்துக்கிட்டது உள்ளூர்ல நடக்குற சின்னப் போட்டி. ஹெர்மோசா பீச் பியர்ல ஆரம்பிச்சு மன்ஹாட்டன் பீச் பியர் வரைக்கும் போய், அங்கேர்ந்து கடலுக்குள்ள தள்ளி மிதக்குற மிதவையைச் சுத்திட்டுத் திரும்பி வரணும். மொத்தம் ஆறு மைல். பியர்னா குடிக்கிறது இல்ல மக்களே, கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்குற பாலம் :-)

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எனக்கு ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கத்துல ஒரு கிராமம். கடலைப் பாக்கணும்னா ராத்திரி முழுக்க பஸ்ல போகணும். நான் நீச்சல் கத்துக்கிட்டது எங்க மாமன் தோட்டத்துக் கிணத்துல. முதுகுல சுரைக்குடுக்கையைக் கட்டி மாமன் மேல இருந்து தள்ளி விட்டுட்டாரு. ரெண்டு வாரத்துல குடுக்கையை அவுத்துட்டாங்க. கிணத்து நீச்சல்ல ஒரு வசதி என்னன்னா, நாலு கை போட்டா சுவர் வந்துடும். புடிச்சுக்கலாம். அதுல ஒரு கெட்ட பழக்கமும் சேர்ந்து வந்துடுதுன்னு இருபது வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது. எவ்வளவு தூரம் நீந்தினாலும் மனசு அடுத்த சுவரைத் தேடிக்கிட்டே இருக்கும்.

இஞ்சினியரிங் முடிச்சு, பொட்டி தட்டுற வேலையில சேர்ந்து, சுத்தி வளைச்சு இப்போ லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெக்க டாரன்ஸ்ல இருக்கேன். பக்கத்து வீட்டுல ஒரு பெரியவர். கடற்கரையில உயிர்காப்பாளரா இருந்து ஓய்வு பெற்றவர். அவரோட கராஜ் கூரையில மூணு பலகை தொங்கிட்டு இருந்துச்சு. ஒருநாள் சும்மா இருக்க மாட்டாம என்னன்னு கேட்டேன். கேட்டதுதான் தப்பு. அடுத்த ரெண்டு மணி நேரம் எனக்கு கேட்டலினா நீரிணையோட வரலாறு. கடைசியில அதுல பழசா இருந்த ஒரு பலகையை என் தலையில கட்டிட்டாரு. காசு வாங்கிக்கிட்டுத்தான் :-)

தெளிவா இருக்குற நாள்ல எங்க கடற்கரையில நின்னு பார்த்தா தெக்கால ஒரு மலைத்தொடர் மாதிரி தெரியும். அதுதான் சாண்டா கேட்டலினா தீவு. கரைக்குப் பக்கமா இருக்குற இடத்துலேர்ந்தே 20 மைலுக்கு மேல. நடுவுல ஆழம் 800 மீட்டரைத் தாண்டும். இந்தத் தண்ணியைத் தனியாளா கையால தள்ளிக் கடந்தவங்க கதைதான் இந்தப் பதிவு.

ஆனா முதல்ல கடந்தது அவங்க இல்ல. லாஸ் ஏஞ்சலஸ்னு ஒரு ஊரே இல்லாத காலத்துல இங்க இருந்தவங்க டோங்வா மக்கள். வடக்கால சூமாஷ் மக்கள். ரெண்டு பேருமே பலகைகளைத் தச்சு செஞ்ச படகுல தீவுக்கும் கரைக்கும் போய் வந்துட்டு இருந்தாங்க. சூமாஷ் மொழியில அந்தப் படகுக்குப் பேரு 'டோமோல்'. டோங்வா மக்கள் சொன்னது 'டியாட்'. ஆணி ஒண்ணு கூடக் கிடையாது. கடல்ல அடிச்சுக்கிட்டு வர்ற செம்மரக் கட்டையைப் பிளந்து பலகையாக்கி, ஓட்டை போட்டு, நார்க் கயித்தால தைச்சு, இந்தப் பக்கம் நிலத்துலேர்ந்து தானா கசியுற தாரையும் பைன் மரப் பிசினையும் காய்ச்சி இடுக்குல பூசிருவாங்க. ரெண்டு முனையிலயும் அலகு இருக்குற துடுப்பு. ஸ்பெயின்காரன் கப்ரீயோ 1542ல் கேட்டலினாவுக்கு வந்தப்போ இவங்க படகேறி வந்து பார்த்திருக்காங்க.

இதைப் படிக்கும்போது எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஏன்னா தச்ச படகு நம்ம ஊர்லயும் இருந்தது. சோழமண்டலக் கரையில 'மசூலா' படகுன்னு சொல்வாங்க. பலகைகளைத் தென்னங்கயித்தால தச்சது. ஆணி அடிச்ச படகு அலையில அடி வாங்கினா பிளந்துடும். தச்ச படகு வளைஞ்சு குடுக்கும். பூமியோட ரெண்டு பக்கத்துல, ஒருத்தரை ஒருத்தர் பார்த்தே இராத ஆளுங்க ஒரே பிரச்சினைக்கு ஒரே மாதிரி தீர்வு கண்டு பிடிச்சிருக்காங்க. நம்ம ஆபீஸ்ல ஒரே கட்டடத்துல ரெண்டு டீம் ஒரே பிரச்சினைக்கு ரெண்டு தப்பான தீர்வு கண்டு பிடிக்கிறதை நெனச்சுக்கிட்டேன்.

அப்புறம் நடந்தது வழக்கமான சோகம். நோயும் ஸ்பானிய மிஷன்களும் சேர்ந்து தீவுல இருந்த மக்களைக் காலி பண்ணிடுச்சு. படகு கட்டுற கலை கிட்டத்தட்ட அழிஞ்சே போச்சு. சூமாஷ் மக்கள் மறுபடி ஒரு டோமோல் கட்டி, 2001ல் கேட்டலினாவுக்கு வடமேற்கால இருக்குற சாண்டா குரூஸ் தீவுக்கு (அவங்க மொழியில லிமுவ்) கடந்து போனாங்க. இங்க பலகைப் போட்டி பத்தி எழுதறவங்க பல பேர் கதையை 1930கள்லேர்ந்துதான் ஆரம்பிக்கிறாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல, அதான் இவ்வளவு இழுத்தேன்.

சரி, போட்டிக்கு வருவோம். 1919ல் சூயிங் கம் விக்கிற வில்லியம் ரிக்ளி கேட்டலினா தீவை வாங்கினார். ஆமா, தீவையே. வாங்கினவருக்கு அங்க சுற்றுலாப் பயணிங்க வரணும்ல? 1927 ஜனவரி 15ம் தேதி தீவுலேர்ந்து கரைக்கு ஒரு நீச்சல் போட்டி வச்சார். பரிசு 25,000 டாலர். அந்தக் காலத்து 25,000! தண்ணியில குதிச்சவங்க 102 பேர். கரையேறினது ஒரே ஒரு ஆள். ஜார்ஜ் யங்னு 17 வயசு கனடாப் பையன். 15 மணி 44 நிமிஷம் நீந்தியிருக்கான். ஜனவரி மாசத் தண்ணியில நான் முழங்கால் வரைக்கும் நின்னு பார்த்தேன், பதினஞ்சு நிமிஷம் தாங்கல.

ஆனா பலகை வந்த பாதை வேற. அது போட்டியில ஆரம்பிக்கல. 1925 ஜூன் 14ம் தேதி காலையில நியூபோர்ட் பீச் துறைமுக வாயிலுக்குப் பக்கத்துல, கரோனா டெல் மார்ல, 'தெல்மா'ன்னு ஒரு மீன்பிடி உல்லாசப் படகு பெரிய அலையில கவுந்துடுச்சு. படகுல 17 பேர். கரையில அப்போ அலைச்சறுக்கு விளையாட வந்திருந்தவர்ல ஒருத்தர் ட்யூக் கஹானமோக்கு. ஹவாய்க்காரர், 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸ்ல 100 மீட்டர் நீச்சல்ல தங்கம் வாங்கினவர். கனமான கெட்டி மரப் பலகையைத் தூக்கிக்கிட்டு அந்த அலைக்குள்ள போனார். ஆளுங்களை ஒவ்வொருத்தரா பலகை மேல ஏத்திக் கரைக்குக் கொண்டு வந்து, திரும்பப் போய், திரும்பக் கொண்டு வந்து... காப்பாத்தப்பட்டவங்க 12 பேர். அதுல 8 பேரை ட்யூக் மட்டுமே கொண்டு வந்தார். அஞ்சு பேர் இறந்துட்டாங்க. ஒரு விளையாட்டுப் பலகையால படகை விட வேகமா உயிரைக் காப்பாத்த முடியும்னு கலிஃபோர்னியா கண்ணால பார்த்தது அன்னைக்குத்தான்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் இந்த இடத்தைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் மாறும். "எங்க தொழிலோட ஆரம்பமே அதுதான், தம்பி" அப்படிங்கற மாதிரி ஒரு வாக்கியத்தோட முடிப்பார்.

இதுல அடுத்து வர்றவர் எனக்கு ரொம்பப் புடிச்ச ஆள். டாம் ப்ளேக். 1902ல் விஸ்கான்சின்ல பொறந்தவர். கடலுக்கும் அந்த ஊருக்கும் கோபிக்கும் கடலுக்கும் இருக்குற தூரத்தை விட அதிகம்! 1920ல் டெட்ராய்ட்ல ஒரு தியேட்டர் வாசல்ல ட்யூக்கைப் பார்த்து கை குலுக்கினார். அதோட வாழ்க்கை தெசை மாறி, கடைசியில ஹவாய் வரைக்கும் போயிட்டார். அங்க பிஷப் மியூசியத்துல பழைய ராஜ வம்சத்தோட 'ஓலோ' பலகைகள் இருந்தன. சும்மா தொங்கிட்டு இருந்ததை இவர் சரி செஞ்சு, அளந்து, அதே மாதிரி தானும் ஒண்ணு செய்யப் பார்த்தார். பதினாறு அடி நீளம். கெட்டி மரத்துல செஞ்சா தூக்கவே முடியாது. என்ன பண்ணினார்னா, மரம் முழுக்க நூத்துக்கணக்குல ஓட்டை போட்டு, மேலயும் கீழயும் மெல்லிசு பலகை வச்சு மூடிட்டார். எடை இறங்கிடுச்சு. அப்புறம் ஓட்டை போடறதையும் விட்டுட்டு, விமான இறக்கை மாதிரி உள்ள விலா எலும்பு வச்சு, சுத்தமா உள்கூடாவே செய்ய ஆரம்பிச்சார். 1932ல் காப்புரிமையும் வாங்கிட்டார்.

1930 ஜனவரி 1ம் தேதி ஹோனலுலுவுல ஆலா வாய் கால்வாய்ல பலகைப் போட்டி. இவர் உள்கூடு பலகையோட வந்து எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டார். உடனே ஒரு கூட்டம் 'இது போங்காட்டம்'னு கிளம்பிருச்சு. நம்ம தெருக் கிரிக்கெட்ல பேட் அகலமா இருந்தா வர்ற அதே சண்டை. ஆனா நெனச்சுப் பாருங்க, அவர் செஞ்சது என்ன? மியூசியத்துல இருந்த பழைய டிசைனை எடுத்து, எடையைக் குறைச்சு ஓட விட்டார். அது போங்காட்டமா இல்ல இஞ்சினியரிங்கா? நான் ப்ளேக் கட்சி.

அந்த 1932ம் வருஷம்தான் மூணு பேர் பாலோஸ் வெர்டெஸ் பக்கத்துலேர்ந்து கேட்டலினாவுக்குப் பலகையில கிளம்பினாங்க. ப்ளேக், பீட் பீட்டர்சன், வாலி பர்ட்டன். அந்த நீரிணையைப் பலகையில போட்டி போட்டுக் கடந்ததா பதிவானதுல இதுதான் முதல். ப்ளேக் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவா எடுத்து முதல்ல போய்ச் சேர்ந்தார். மத்த ரெண்டு பேரும் கூட முடிச்சுட்டாங்க. அஞ்சு வருஷம் முன்னாடி 102 பேர்ல ஒருத்தன் மட்டும் கரையேறின அதே நீரிணை. இங்கயும் கவனிங்க, பீட்டர்சன் சாண்டா மோனிகாவுல உயிர்காப்பாளர். இன்னைக்கு உயிர்காப்பாளர்கள் தோள்ல மாட்டிக்கிட்டு ஓடுறாங்களே ஒரு மிதவை, அதோட முதல் வடிவத்தை உண்டாக்கினதும் அவர்தான்.

ஜீன் ஸ்மித்னு இன்னொருத்தர், பட்டப் பேரு டார்ஜான். அவருக்குப் போட்டியே வேண்டாம். 1938ல் ஹவாய்ல மொலோகாய் தீவுலேர்ந்து ஓவாஹுவுக்குத் தனியா கை போட்டே போனார். அது போதாதுன்னு 1940ல் ஓவாஹுவுலேர்ந்து கவாயிக்கு. ஒரு முழு நாளுக்கு மேல தண்ணியில! ராத்திரி நடுக்கடல்ல அந்த ஆள் என்ன நெனச்சிருப்பார்னு பல தடவை யோசிச்சிருக்கேன். எனக்கு ஆபீஸ்ல நைட் ஷிஃப்டே தாங்காது.

போர் முடிஞ்சப்புறம் 1955ல் இது முறையான போட்டியாச்சு. கேட்டலினா தீவோட இடுப்பு மாதிரி ஒடுங்கின இடத்துலேர்ந்து மன்ஹாட்டன் பீச் பியர் வரைக்கும் 32 மைல். இதுக்குப் பேர்தான் கேட்டலினா க்ளாசிக். டாமி ஸான்னு ஒரு உயிர்காப்பாளர் (மறுபடி!) அந்தக் காலத்துல கொடி கட்டிப் பறந்தார். 1956ல் மெல்போர்ன் ஒலிம்பிக்ஸை ஒட்டி ஆஸ்திரேலியாவுக்குப் போன அமெரிக்க உயிர்காப்பாளர் குழுவுலயும் இருந்தவர். இவங்க கொண்டு போன பால்சா மரத்து லேசான பலகைகளைப் பார்த்துத்தான் அந்த ஊரே மாறிப் போச்சு. அதோட விளைவு இன்னும் அவங்க கடற்கரையில தெரியும்.

1960க்கு அப்புறம் கேட்டலினா போட்டி நின்னு போச்சு. 22 வருஷம் கழிச்சு 1982ல் உள்ளூர் உயிர்காப்பாளர்கள்தான் மறுபடி உசுப்பி விட்டாங்க. நடுவுல ஏன் யாரும் சீண்டலங்கறதுக்கு என் கணக்கு இது: 1950களோட கடைசியில ஃபோம் பலகை வந்துடுச்சு. லேசு, மலிவு. எல்லாரும் அலைச்சறுக்குல விழுந்துட்டாங்க. அஞ்சு ஆறு மணி நேரம் மூக்குத் தண்ணியில உரச கை வலிக்க வலிக்கப் போறதுல என்ன கவர்ச்சி இருக்கு? ஒரு பொண்ணு கூட நின்னு பார்க்காது. மத்தவங்களுக்கு அது சவடால். உயிர்காப்பாளர்களுக்கு மட்டும் அது வேலை. அதனால அவங்க கிட்ட மட்டும் தங்கிடுச்சு.

ஒரு சின்ன டெக்னிக்கல் மேட்டர். புடிக்காதவங்க அடுத்த பத்திக்குத் தாவிடலாம். இந்தப் போட்டிகள்ல 'ஸ்டாக்'னு ஒரு பிரிவு: பலகை 12 அடிக்கு மேல இருக்கக் கூடாது. இன்னொண்ணு 'அன்லிமிடெட்': நீளம் உங்க இஷ்டம், பதினேழு பதினெட்டு அடி கூடப் போகும், காலால திருப்புற சுக்கான் வேற. ஏன் நீளத்துக்கு இவ்வளவு சண்டைன்னா, தண்ணியில போற எந்தப் பொருளும் தன் நீளத்துக்கு ஒரு அலையை உண்டாக்கி அதுக்குள்ளயே மாட்டிக்கும். வேகம் நீளத்தோட வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 12 அடிக்கு அந்த எல்லை மணிக்கு சுமார் எட்டரை கிலோமீட்டர். 17 அடிக்கு பத்து. அதுக்கு மேல ஒவ்வொரு துளி வேகத்துக்கும் எக்குத்தப்பா சக்தி செலவாகும். இந்த எல்லையைத் தாண்ட ஒரே வழி, பின்னால வர்ற அலை மேல ஏறி உக்காந்துக்கறது. கெட்டிக்காரங்களுக்கு அது தெரியும். எனக்கு அந்த எல்லைக்குப் பக்கத்துல போற பிரச்சினையே வரல.

இவ்வளவு படிச்சப்புறம் ஒரு விஷயம் உறுத்த ஆரம்பிச்சது. ஆங்கிலத்துல 'கேட்டமரான்'ங்கற வார்த்தை நம்ம கட்டுமரம்னு எல்லாருக்கும் தெரியும். வில்லியம் டாம்பியர் 1697ல் வெளிவந்த பயணப் புத்தகத்துலயே எழுதிட்டார். (இப்போ அந்தப் பேரை ரெட்டை உடம்பு படகுக்கு வச்சுட்டாங்க. கட்டவும் இல்ல, மரமும் இல்ல.) சென்னையில துறைமுகம் கட்டுற வரைக்கும் கப்பலெல்லாம் தூரமாத்தான் நிக்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவுல அலை. மசூலா படகு கூட இறங்க பயப்படுற நாள்ல ஒரு ஆளோ ரெண்டு ஆளோ கட்டுமரத்துல மண்டி போட்டு, அலையில விழுந்து, எழுந்து, திரும்ப ஏறி, கப்பலுக்குக் கடுதாசி கொண்டு போவாங்க. கடுதாசி நனையாம இருக்க தலையில இருக்குற கூம்புத் தொப்பிக்குள்ள வச்சுக்குவாங்க. வெள்ளைக்காரங்க பல பேர் இதைப் பார்த்து வாயைப் பொளந்து எழுதி வச்சிருக்காங்க. படமும் வரைஞ்சிருக்காங்க.

ஆனா அவங்க யாரோட பேரும் நான் படிச்ச எதுலயும் இல்ல. ப்ளேக்குக்கு நேரக் கணக்கு இருக்கு. ஜார்ஜ் யங்குக்கு நிமிஷம் வரைக்கும் இருக்கு. மெட்ராஸ் அலையில தினமும் அதையே பொழப்பா செஞ்சவனுக்கு 'கேட்டமரான் மேன்'ங்கற பேரு மட்டும்தான். பந்தயம் வச்சா நேரம் எழுதுவாங்க, வேலைன்னா கூலி மட்டும்தான் எழுதுவாங்க போல. இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்குங்கறது வேற விஷயம். நான் கட்டுமரத்தைத் தொட்டுப் பார்த்தது கூடக் கிடையாது. ஸ்கூல் டூர்ல மெரினாவுல பாண்ட்டை மடிச்சு விட்டுக்கிட்டு நின்னதோட சரி.

ஞாயித்துக்கிழமைக்கு வர்றேன். முந்தின நாள் அம்மாகிட்ட போன்ல சொன்னது தப்பாப் போச்சு. "ஏஞ்சாமி, கெணத்துக்காவது மேடு இருக்குது. கடலுக்கு என்னடா இருக்குது? உனக்கு எதுக்குக் கண்ணு இந்த வேலை?" "ஒண்ணும் ஆகாதுங்மா, கூட நாப்பது பேரு வர்றாங்க"ன்னேன். "நாப்பது பேரும் உன்னையவேவா பாத்துட்டு இருப்பாங்க?" இதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

காலையில ஹாரன் அடிச்சதும் நாப்பது பேரும் ஓடிப் போய் விழுந்தாங்க. அஞ்சு நிமிஷத்துல எனக்கு முன்னாடி முதுகுங்க தெரிஞ்சது, பத்து நிமிஷத்துல புள்ளிங்க. மன்ஹாட்டன் பியர் வரைக்கும் பிரச்சினையே இல்ல. மிதவையைச் சுத்தித் திரும்பும்போது கடல் பக்கத்துலேர்ந்து காத்து கெளம்பிருச்சு. பலகையில பக்கவாட்டு அலை வந்தா படுத்துக்கணும். நான் அப்பத்தான் தோள் வலிக்குதுன்னு மண்டி போட்டேன். கவுந்துட்டேன்.

கவுந்தது தப்பில்ல, நூறு தடவை கவுந்திருக்கேன். இந்தத் தடவை விழும்போது காலால பலகையை உதைச்சுட்டேன் போல. மேல வந்து பார்த்தா பலகை பத்து மீட்டர் தள்ளி இருக்கு. கால்ல கயிறு கட்டல. நீந்தினேன். பன்னெண்டு அடிப் பலகை, எடை பத்து கிலோ சொச்சம். ஆள் இல்லாத பலகையைக் காத்து காகிதம் மாதிரி தள்ளிக்கிட்டுப் போகுது. நான் பத்து கை போட்டா அது பன்னெண்டு கை தூரம் போயிருக்கு. கொஞ்ச நேரத்துல அலைக்கு நடுவுல அது தெரியவே இல்ல.

கரை ஒரு மைல் இருக்கும். பாதுகாப்புப் படகு முன்னணி ஆளுங்க கூட எங்கயோ. கையைத் தூக்கி ஆட்டினேன், யாரும் பாக்கல. அப்பத்தான் அந்தக் கிணத்துப் பழக்கம் வேலையைக் காட்டுச்சு. கை தானா சுவரைத் தேடுது. நாலு கை போட்டு நிறுத்துது, நாலு கை போட்டு நிறுத்துது. மூச்சு வாங்குது. இந்த இடத்துல 'ட்யூக் ஞாபகம் வந்தார், ப்ளேக் ஞாபகம் வந்தார்'னு எழுதினா பதிவு நல்லா இருக்கும். வரல. அம்மா கேட்ட அந்தக் கேள்விதான் வந்தது.

எவ்வளவு நேரம்னு தெரியல. ஒரு குரல் கேட்டுச்சு. எனக்குப் பின்னாடி வந்துட்டு இருந்த அம்மா ஒருத்தர், வயசு அம்பத்தஞ்சாவது இருக்கும். நரைச்ச முடி. நான் கையாட்டினதைப் பார்த்துட்டு, என்கிட்ட வராம, முதல்ல பலகை பின்னாடி போயிருக்காங்க. போட்டிப் பாதையை விட்டு கரைப் பக்கம் இறங்கி, அதைப் புடிச்சு, தன் கால்ல மாட்டி இழுத்துக்கிட்டு எதிர்க்காத்துல திரும்ப வந்தாங்க. "ஏறு. குப்புறப் படு. மூச்சு விடு." அவ்வளவுதான் பேச்சு. முன்னாடி போங்கன்னு எவ்வளவோ சொன்னேன். கேக்கல. கடைசி ஒண்ணரை மைலும் எனக்குப் பின்னாடியே, ஆடு ஓட்டிட்டு வர்ற மாதிரி வந்தாங்க. கரையில என்னை முதல்ல ஏற விட்டுட்டுத்தான் ஏறினாங்க. என் நேரம் 1 மணி 52 நிமிஷம். அவங்களோடது அதுக்கு அடுத்து. கடைசி இடம்.

அவங்க என்ன வேலை பார்த்தாங்கன்னு கேட்டேன். நீங்க நெனக்கிறது இல்ல, பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சராம். முதல்ல ஆளைப் பாக்காம ஏன் பலகையைத் தேடிப் போனீங்கன்னு கேட்டேன். "நீ மிதந்துட்டு இருந்தே. பலகை போயிட்டு இருந்துச்சு"ன்னாங்க. கணக்கு சரிதான்.

வீட்டுக்கு வந்து சாயங்காலம்தான் எடி ஐகாவோட கதையை மறுபடி எடுத்துப் படிச்சேன். ஓவாஹுவுல வைமியா பேயில உயிர்காப்பாளர். ஹவாய் மக்களோட பழைய கடற்பயண முறையை மீட்கறதுக்காக 1975ல் கடல்ல இறக்கின 'ஹொக்குலேயா'ங்கற ரெட்டைத் தோணி, அடுத்த வருஷமே கருவி எதுவும் இல்லாம தாஹிட்டி வரைக்கும் போச்சு. 1978 மார்ச் 16ம் தேதி அது ரெண்டாவது பயணம் கிளம்பினப்போ எடியும் அதுல இருந்தார். அன்னைக்கு ராத்திரியே மொலோகாய் நீரிணையில கவுந்துடுச்சு. விடிஞ்சும் யார் கண்ணுலயும் படல. மறுநாள் காலையில எடி, உதவி கொண்டு வர்றேன்னு தன் அலைச்சறுக்குப் பலகையில படுத்து லனாய் தீவைப் பார்த்துக் கை போட்டுப் போனார். தோணியைப் புடிச்சுக்கிட்டு இருந்தவங்களை அன்னைக்கு ராத்திரி மேல பறந்த விமானம் ஒண்ணு பார்த்துச் சொல்லி, காப்பாத்திட்டாங்க. எடி மட்டும் கிடைக்கவே இல்ல. வயசு 31.

இந்தக் கதையைப் போன வருஷம் முதல் தடவை படிச்சப்போ, அவர் தோணியோடயே இருந்திருக்கலாமேன்னு ரொம்ப சுலபமா நெனச்சேன். இப்போ அப்படி நெனக்க வரல. அந்த டீச்சர் கணக்குல பார்த்தா அவரும் அதைத்தான் பண்ணியிருக்கார்.

திங்கக்கிழமை சாயங்காலம் கால்ல கட்டுற கயிறு வாங்கிட்டு வந்தேன். இருபத்தெட்டு டாலர். பெரியவர் அதைப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லல. கராஜுக்குள்ள போய் ஒரு பழைய வாளியை எடுத்துட்டு வந்தார். கேட்டலினா போட்டியில ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு துணைப் படகு கூடவே வரணும்ங்கறது விதி. அவருக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இந்த ஆகஸ்ட்ல போறாராம். படகுல உக்காந்து அரை மணிக்கு ஒரு தடவை தண்ணியும் வாழைப்பழமும் எடுத்துக் குடுக்கணும், மத்த நேரம் எல்லாம் அவர் மேல இருந்து கண்ணை எடுக்கக் கூடாது. அதுக்கு ஆள் வேணும்னார். வர்றேன்னு சொல்லிட்டேன்.

டேமேஜர்கிட்ட லீவு கேக்கணும். அம்மாகிட்ட இன்னும் சொல்லல.